வாழ்க்கை வரலாற்றில் மேற்கோள்: பேசுவது அவரா, எழுதியவரா?

1. வரிக்குதிரை

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மருத்துவரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டு, "நூலாசிரியரின் பார்வை என்ன? மேற்கோள்களைச் சான்றாகக் கொண்டு எழுதுக" என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். நானும் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, அந்த மருத்துவர் சொன்னவை, கடிதத்தில் எழுதியவை எல்லாவற்றையும் அடிக்கோடிட்டேன். தேர்ந்த பதினைந்து வாசகங்களைக் கோத்து, "ஆகவே ஆசிரியர் இவ்வாறு கருதுகிறார்" என்று முடித்துக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் ஒரே வரி: "இது அவர் பார்வை. இவர் பார்வை எங்கே?"

இரண்டு நாளாக அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், இந்த நூலாசிரியர் தன் கருத்து என்று எதையும் எங்கேயும் சொல்லவில்லை. பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள்தான். மருத்துவர் பேசுகிறார், அவர் மனைவி பேசுகிறார், உதவியாளர் பேசுகிறார். எழுதியவர் வாயே திறக்கவில்லை. திறக்காதவரின் பார்வையை எங்கிருந்து பிடிப்பது?

நூலின் பெயரைக் கேட்காதீர்கள். பெயர் சொன்னால் பேச்சு நூலைப் பற்றிப் போய்விடும்.

2. கறுப்பு மை

முன்னுரையைப் படித்தீர்களா? பாதிப் பேர் அங்கேயே போட்டு உடைத்துவிடுவார்கள். நன்றியுரையையும் விடாதீர்கள். கடிதங்களை எடுத்துக் கொடுத்தது குடும்பத்தார் என்றால், எந்தக் கடிதம் வெளியே வந்திருக்காது என்பதையும் அங்கேயே ஊகித்துவிடலாம்.

3. வரிக்குதிரை

படித்தேன். "நான் ஒதுங்கி நின்று அவரையே பேச விட்டிருக்கிறேன்" என்பதுதான் இரண்டு பக்கத்தின் சாரம். நன்றியுரையில் முதல் பெயர் மருத்துவரின் மகள்.

4. மெய்ப்புத்தாள்

"ஒதுங்கி நின்றேன்" என்று ஒருவர் எழுதினால் அங்கேதான் உற்றுப் பார்க்க வேண்டும். யார் பேசலாம், எப்போது பேசலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்தவர் அவர். கூட்டத்தை நடத்துபவர் ஒலிவாங்கியை யாரிடம் நீட்டுகிறார், யாரிடமிருந்து பிடுங்குகிறார் என்று பார்த்தாலே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும் அல்லவா?

நான் பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறவன். இந்த வேலையில் வந்த பழக்கம் ஒன்று: மேற்கோள் குறிக்குள் இருப்பதை முதல் வாசிப்பில் படிக்கவே மாட்டேன். குறிக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் நாலைந்து சொற்களை மட்டும் படிப்பேன். உள்ளே இருப்பது அவருடையது, வெளியே இருப்பது இவருடையது. நீங்கள் அடிக்கோடிட்டது முழுக்க உள்ளே இருப்பதை.

நானே கட்டிய ஓர் உதாரணம். ஒரு நிறுவனத் தலைவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம்: 'அந்த முடிவை நான்தான் எடுத்தேன். வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.' இதே வாசகத்தை மூன்று பேர் எழுதுகிறார்கள்.

முதலாமவர்: பழியை யார் மேலும் போடாமல், 'அந்த முடிவை நான்தான் எடுத்தேன். வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை' என்றார்.

இரண்டாமவர்: வேலை இழந்தவர்களைப் பற்றிக் கேட்டபோது, 'அந்த முடிவை நான்தான் எடுத்தேன். வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை' என்று மட்டும் சொன்னார்.

மூன்றாமவர்: இருபது ஆண்டுகள் கழித்து, 'அந்த முடிவை நான்தான் எடுத்தேன். வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. முதலில் அவர் நேர்மையானவர். இரண்டாவதில் கல்மனசுக்காரர், அதற்கு 'மட்டும்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. மூன்றாவதைப் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. 'எழுதினார்' என்றால் செய்தி. 'எழுதிக்கொண்டார்' என்றால் தனக்காக, தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள எழுதினார் என்று ஆகிவிடுகிறது. 'கொள்' என்ற துணைவினை ஒன்று ஆளையே சந்தேகக் கூண்டில் ஏற்றிவிட்டது. 'கூறினார்' என்பதையும் 'கூறிக்கொண்டார்' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்த வசதி ஏராளம். 'சொல்லிவிட்டார்' என்றால் சொல்லியிருக்கக் கூடாது, வாய் தவறிவிட்டது. 'சொல்லிவைத்தார்' என்றால் பின்னால் உதவும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். 'சொன்னாராம்' என்று ஓர் 'ஆம்' சேர்ந்தால், "எனக்கு வந்த செய்தி இது, நான் பொறுப்பில்லை" என்று எழுதியவர் கையைக் கழுவிக்கொள்கிறார், கூடவே லேசான நக்கலும் வரலாம். 'அவரே ஒப்புக்கொண்டார்' என்பதில் குற்றம் ஏற்கனவே முடிவாகிவிட்டது, வாக்குமூலம்தான் பாக்கி.

உங்கள் நூலில் மருத்துவர் எத்தனை இடத்தில் 'கூறினார்', எத்தனை இடத்தில் வேறு ஏதாவது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனைவிக்கும் உதவியாளருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். அப்புறம் பேசுவோம்.

5. சந்தேகப் பிராணி

மெய்ப்புத்தாள் அண்ணா, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு பயம். எழுதுகிறவர்கள் பலர் ஒரே பக்கத்தில் ஏழு முறை 'என்றார்' வருகிறதே என்று கூச்சப்பட்டு 'குறிப்பிட்டார்', 'தெரிவித்தார்', 'வலியுறுத்தினார்' என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் போய்ப் பார்வையைத் தேடினால் ரசத்தில் மீன் பிடிக்கிற கதை ஆகிவிடாதா?

6. மெய்ப்புத்தாள்

நியாயமான கேள்வி தம்பி. ஒற்றை வினையை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. அதனால்தான் ஆளுக்கு ஆள் தனிப்பட்டியல் போடச் சொன்னேன். சலிப்புக்காக மாற்றுகிறவர் எல்லாருக்கும் மாற்றுவார். ஒருவருக்கு மட்டும் எப்போதும் 'விளக்கினார்', இன்னொருவருக்கு மட்டும் எப்போதும் 'வாதிட்டார்' என்று வந்தால் அது சலிப்பு இல்லை. விளக்குகிறவரிடம் விஷயம் இருக்கிறது, வாதிடுகிறவரிடம் பிடிவாதம் இருக்கிறது என்று அவர் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இன்னொன்று, எது நேர்கூற்று, எது அயற்கூற்று? ஒரு சண்டையில் ஒருவர் பேச்சை அப்படியே மேற்கோளில் தந்துவிட்டு, மற்றவர் பேச்சை 'அவர் இதை ஏற்க மறுத்தார்' என்று முக்கால் வரியில் சுருக்கினால், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. குரலோடு வருகிறவர் மனிதர். சுருக்கத்தில் வருகிறவர் வெறும் தடை.

7. உரைக்காரன்

இதற்குப் புதிதாகக் கருவி எதுவும் தேட வேண்டாம் நண்பர்களே, நன்னூலைத் திறந்தால் போதும். நூலாசிரியன் பிறர் கருத்தின் முன்னால் எப்படியெல்லாம் நிற்கலாம் என்று பவணந்தி முனிவர் பாயிரத்தில் ஏழு வகை மதம், அதாவது கொள்கை நிலை, சொல்கிறார். உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், எதனோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளுதல். இலக்கண நூலுக்குச் சொன்னதுதான். ஆனால் ஒரு வாழ்க்கை வரலாற்றில் வருகிற மேற்கோள் ஒவ்வொன்றையும் எடுத்து "இது ஏழில் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை பதில் சொல்லிவிடும்.

நம்மை அதிகம் ஏமாற்றுவது மூன்றாவது. மேற்கோளைப் பெருமரியாதையோடு கொண்டுவந்து வைப்பார். பக்கம் புரட்டினால் 'ஆனால் அந்த ஆண்டின் நாட்குறிப்பு வேறு சொல்கிறது' என்று இருக்கும். நீங்கள் முதல் பக்கத்திலேயே அடிக்கோடிட்டு நிறுத்திவிட்டால், ஆசிரியர் களைந்ததை அவர் கருத்தாக எழுதித் தொலைப்பீர்கள். வரிக்குதிரைக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம்.

ஐந்தாவதும் முக்கியம். மருத்துவர் ஒன்று சொல்கிறார், மனைவி வேறு சொல்கிறார். ஆசிரியர் இரண்டையும் தருகிறார், நடுநிலை போலத்தான் தெரிகிறது. யார் கடைசியாகப் பேசினார் என்று பாருங்கள். அத்தியாயம் யாருடைய வாசகத்தில் முடிகிறது? துணிந்த பக்கம் பெரும்பாலும் அதுதான்.

பார்வை எப்போதும் ஒளிந்துகொண்டிருக்கும் என்றும் இல்லை. உ.வே.சா. தம் ஆசிரியரைப் பற்றி எழுதி 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளியிட்ட நூலின் பெயரே 'ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்'. 'ஸ்ரீ'யும் 'அவர்களு'மாக, மாணவர் இடத்தில் நின்றுதான் எழுதுகிறேன் என்று அட்டையிலேயே சொல்லிவிட்டார். மகாவித்துவான் மறைந்தது 1876-இல். கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் மனதில் வைத்திருந்த பேச்சு அதில் வருகிறது. அந்தப் பேச்சைப் படிக்கும்போது ஆசிரியர் குரலோடு மாணவரின் காதும் சேர்ந்தே கேட்கும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

8. நூலகப் பூனை

உரைக்காரன் ஐயா 'பிறர் நூல் குற்றம் காட்டல்' என்றதும் எனக்கு ஜேம்ஸ் பாஸ்வெல் நினைவுக்கு வந்தார். ஆங்கில அகராதி தொகுத்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1784-இல் இறந்ததும் அவரைப் பற்றி எழுதப் போட்டி. ஜான்சனுக்கு நெருங்கிய தோழியாக இருந்த ஹெஸ்டர் பியோட்சி 1786-இல் தன் நினைவுகளை வெளியிட்டார். ஜான் ஹாக்கின்ஸ் 1787-இல் ஒரு வரலாறு எழுதினார். பாஸ்வெல்லின் நூல் 1791-இல்தான் வந்தது. வந்த வேகத்தில் முந்தைய இருவரையும் விட்டுவைக்கவில்லை. பியோட்சி தந்த ஜான்சன் பேச்சுகளை எடுத்துப் போட்டு, இது இப்படி நடக்கவில்லை, இது திரிந்துபோன செய்தி என்று திருத்துகிறார். அந்த இடங்களில் மேற்கோள் ஜான்சனைக் காட்டுவதைவிடப் பாஸ்வெல்லைத்தான் அதிகம் காட்டுகிறது. "ஜான்சன் எனக்குத்தான் சொந்தம்" என்கிற தொனி.

ஆனால் அதே பாஸ்வெல் தனக்கு எதிரான மேற்கோளையும் மறைக்கவில்லை. 1763 மே 16 அன்று ஒரு புத்தகக் கடையில் முதல் சந்திப்பு. ஜான்சனுக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் என்றால் இளக்காரம் என்று பாஸ்வெல்லுக்குத் தெரியும். நான் ஸ்காட்லாந்திலிருந்து வருவது உண்மைதான், என்ன செய்வது, என்னால் தவிர்க்க முடியவில்லை என்று குழைகிறார். உங்கள் நாட்டுக்காரர்கள் ரொம்பப் பேரால் தவிர்க்க முடியாதது அதுதான் என்று ஜான்சன் ஒரே போடாகப் போடுகிறார். பாஸ்வெல் இதை விட்டிருக்கலாம். விடாமல், தான் சுருண்டு உட்கார்ந்ததையும் சேர்த்து எழுதினார்.

ஏன் என்று யோசித்தால் எனக்கு இரண்டு பதில் கிடைக்கிறது. ஜான்சனின் பேச்சு வெட்டும் என்று காட்ட, வெட்டுப்பட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளாகத் தன்னையே நிறுத்திக்கொள்கிறார். மற்றது, தான் அவமானப்பட்டதையே ஒளிக்காதவர் வேறெதை ஒளிக்கப்போகிறார் என்று வாசகர் நம்புவார். அந்த நம்பிக்கையை முதலில் வாங்கிக்கொண்டு, பின்னால் பியோட்சியைத் திருத்தும்போது செலவழிக்கிறார். கில்லாடி. எனக்குப் பிடித்த கில்லாடி.

9. கறுப்பு மை

ஆக, தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் ஆசிரியரைக் கண்டால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

10. அரைப்புள்ளி

எல்லாரும் மேற்கோளில் இருப்பதையே பேசுகிறீர்கள். என் கண் முதலில் மூன்று புள்ளியில் போய் நிற்கும். '...' என்று வந்தால் அங்கே ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது. சாதாரணமாக அது வானிலை, உடல்நலம், 'மற்றவை நேரில்' போன்ற சரக்குதான். ஆனால் ஒரே வகை இடத்தில் திரும்பத் திரும்பப் புள்ளி விழுந்தால், உதாரணமாக அண்ணனைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம் விழுந்தால், அந்த அண்ணனை யாரோ காப்பாற்றுகிறார்கள்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லட் பிராண்டி பற்றி எலிசபெத் காஸ்கெல் 1857-இல் எழுதிய வரலாறு இதற்கு நல்ல பாடம். சார்லட் 1855-இல் இறந்ததும், எழுதித் தரும்படி கேட்டவர் அவருடைய தந்தை. காஸ்கெல் நாவலாசிரியர், சார்லட்டின் தோழி. சார்லட் தன் பள்ளித் தோழி எலன் நஸ்ஸிக்கு எழுதிய கடிதங்களைக் கைநிறைய வாங்கி, பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டினார். படிக்கும்போது சார்லட்டே பேசுகிறாற்போல இருக்கும். கடமை தவறாத மகள், தங்கைகளையும் தம்பியையும் பறிகொடுத்தும் பொறுத்துப்போன பெண்.

ஆனால் சார்லட் வேறு கடிதங்களும் எழுதியிருந்தார். பிரஸ்ஸல்ஸில் தனக்குப் பாடம் சொன்ன, திருமணமான ஆசிரியர் கான்ஸ்டன்டின் ஹெகெருக்கு 1844, 1845-இல் ஏக்கத்தோடு எழுதியவை. காஸ்கெல் 1856-இல் பிரஸ்ஸல்ஸுக்கே போய் ஹெகெரைச் சந்தித்தார், அந்தக் கடிதங்கள் இருப்பது அவருக்குத் தெரியும். நூலில் ஆபத்தில்லாத சில பகுதிகளை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மேலே நகர்ந்துவிட்டார். மிஞ்சியிருந்த கடிதங்கள் 1913-இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் அச்சான பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

காஸ்கெல் ஒரு பொய்யும் எழுதவில்லை என்பதை இந்த விஷயத்தில் கவனியுங்கள். மேற்கோள் எல்லாம் சார்லட்டின் சொந்தச் சொற்கள்தான். எந்தச் சார்லட்டின் சொற்கள் என்பதில்தான் காஸ்கெலின் பார்வை இருக்கிறது. தோழியின் மானத்தைக் காக்க நினைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அது ஒரு நிலைப்பாடு.

11. சந்தேகப் பிராணி

அரைப்புள்ளி அக்கா, இது நமக்கு இன்று தெரிகிறது, சரி. வரிக்குதிரை கையில் இருப்பது ஒரே ஒரு நூல். நூலில் இல்லாத கடிதத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்? இல்லாததை வைத்துப் பார்வை சொல்லத் தொடங்கினால் எதை வேண்டுமானாலும் சொல்லலாமே.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாஸ்வெல் சந்தித்தபோது ஜான்சனுக்கு வயது 53. அந்த 53 ஆண்டுகளும் நூலில் சிறிய பங்குதான், கூட இருந்து கேட்ட காலம்தான் பெரும்பகுதி. இதைப் பார்த்து "பாஸ்வெல்லுக்கு முதிய ஜான்சன்தான் முக்கியம், இளைஞர் ஜான்சன் பொருட்டில்லை" என்று எழுதினால் தப்பு. கிடைத்ததை எழுதினார், அவ்வளவுதான். ஒருவர் அதிகம் பேசுவது ஆசிரியருக்குப் பிடித்ததால் இருக்கலாம், அவர் கடிதங்களைக் கட்டி வைத்திருந்ததாலும் இருக்கலாம். கடிதத்தைக் கிழித்துப் போடுகிற பழக்கம் உள்ளவர் எல்லா வரலாற்றிலும் ஊமையாகத்தான் வருவார்.

12. அரைப்புள்ளி

ஒப்புக்கொள்கிறேன். 'இல்லாதது' என்று நான் சொன்னது நூலுக்குள்ளேயே தடம் விட்ட இல்லாமையை. 'அன்றிரவு மனைவிக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதினார்' என்று ஆசிரியரே எழுதிவிட்டு, அதிலிருந்து ஒரு வரிகூடத் தரவில்லை என்றால் கேட்கலாம். கடிதம் இருந்ததே தெரியவில்லை என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். கிடைத்தும் தராதது வேறு, கிடைக்காதது வேறு.

13. நூலகப் பூனை

ஒரே சரக்கை இரண்டு பேர் கையாண்டிருந்தால் வேலை எளிது. எட்வர்ட் குக் 1913-இல் செவிலியர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வரலாற்றை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார், கடிதங்களும் குறிப்புகளும் நிறைய. ஐந்தே ஆண்டில், 1918-இல், லிட்டன் ஸ்ட்ரேச்சி நான்கு பேரைப் பற்றிய தன் சிறு நூலில் நைட்டிங்கேலுக்கு ஒரு பகுதி ஒதுக்கினார். தகவலுக்குப் பெரிதும் நம்பியது குக்கைத்தான். குக்கிடம் நிதானமாக எல்லாப் பக்கமும் தெரிகிற பெண்மணி, ஸ்ட்ரேச்சியிடம் பேய் பிடித்தாற்போல வேலை செய்து கூட இருப்பவர்களையும் அரைத்தெடுப்பவராகிறார். குக் ஒரு கடிதத்தைச் சுற்றிலும் அது எழுதப்பட்ட சூழலோடு தருவார். ஸ்ட்ரேச்சி அதிலிருந்து கூர்மையான ஒரு துண்டைக் கிள்ளித் தன் வாக்கியத்துக்குள் செருகிவிடுவார். மேற்கோள் சிறுத்துக்கொண்டே போனால் எழுதியவர் பெருத்துக்கொண்டே வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேடிக்கை, அந்த ஸ்ட்ரேச்சியின் முன்னுரையே ஒரு மேற்கோளில்தான் முடிகிறது. எதையும் திணிக்கவில்லை, முன்மொழியவில்லை, எடுத்து வைக்கிறேன் என்ற பொருளில் ஒரு பிரெஞ்சு வாசகம், யாரோ ஒரு பேராசான் சொன்னது என்று பெயர் சொல்லாமல். நமது வரிக்குதிரையின் ஆசிரியர் "ஒதுங்கி நிற்கிறேன்" என்றது போலவே. நூல் முழுக்கக் கேலி வழிகிறது, முன்னுரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

14. இரவல் பேனா

இவ்வளவு பேசியும் மொழிபெயர்ப்பை யாரும் தொடவில்லையே? வேற்றுமொழிக்காரர் ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதினால் உள்ளே இருப்பதும் இவருடையதாகிவிடும். மெய்ப்புத்தாள் சார் கோடு போட்டுப் பிரித்த 'உள்ளே, வெளியே' எல்லாம் அங்கே கரைந்துபோகும்.

நான் மொழிபெயர்த்துப் பிழைப்பவள். மூலத்தில் ஒரே முன்னிலைச் சொல் இருக்கும். தமிழில் 'நீ'யா, 'நீங்கள்'ஆ என்று நான் முடிவு செய்ய வேண்டும். ஒரு தளபதி தன் உதவியாளரிடம் பேசுகிறார். 'நீ போ' என்று போட்டால் அதிகாரம், 'நீங்கள் போங்கள்' என்றால் பண்பு, 'நீ போப்பா' என்றால் பாசம். மூன்றுக்கும் மூலத்தில் இடம் இருக்கும். அவர் தன் எதிரியைப் பற்றிச் சொல்லும்போது 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா? பத்து இடத்திலும் 'அவன்' என்று நான் போட்டுவிட்டால், தமிழ் வாசகருக்கு அந்தத் தளபதி வெறுப்பு நிறைந்த ஆள். வெறுத்தவர் அவரா, நானா?

அதே போலத்தான் நடை. விவசாயி ஒருவர் சாட்சி சொன்னதைக் கொச்சைப் பேச்சிலும், அதிகாரி சொன்னதை இலக்கணச் சுத்தமாகவும் தமிழாக்கினால், மூலத்தில் இருவருமே ஒரே மாதிரி பேசியிருந்தாலும் நம் மனதில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே போய்விடுகிறார்கள். மொழிபெயர்ப்பு மேற்கோள் வைத்துப் பார்வை எழுதுகிறவர்கள் உள்ளே இருக்கிற மரியாதை விகுதிகளையும் ஆசிரியர் கணக்கில் எழுதுங்கள்.

15. மெய்ப்புத்தாள்

இரவல் பேனா சொன்னது சரி, என் கோடு அழிந்துவிட்டது. தமிழ் மூலத்திலேயேகூட ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கும்போது இது நடக்கும். பேசியவரின் திணறல், 'வந்து... வந்து...' எல்லாவற்றையும் அப்படியே அச்சில் தந்தால் ஆள் தடுமாறுகிறவர், துடைத்துவிட்டால் தெளிவானவர். யாருக்குத் துடைத்தார், யாருக்கு விட்டார் என்று பார்க்க வேண்டியதுதான்.

16. சந்தேகப் பிராணி

ஒலிப்பதிவே இல்லாத காலத்து உரையாடல் என்றால்? இரண்டு பேர் மூடிய அறையில் பேசியது மேற்கோள் குறியோடு முழுதாக வருகிறது. யார் குறித்துக்கொண்டார்கள்?

17. நூலகப் பூனை

இந்தச் சந்தேகம் எழுதுகிறவர்களுக்கே பழையது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தன் போர் வரலாற்றில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்: சொற்பொழிவுகளை அப்படியே நினைவில் வைத்திருப்பது கடினம், சொன்னதன் பொதுக்கருத்தை ஒட்டி, அந்தந்தச் சந்தர்ப்பத்துக்கு எது பொருந்துமோ அதைப் பேச வைத்திருக்கிறேன் என்று. 'எது பொருந்தும்' என்று தீர்மானித்தவர் அவர். அதனால் அந்தப் பேச்சுகளை அவருடைய பார்வைக்கே நேரடிச் சான்றாக எடுக்கலாம். சொல்லிவிட்டுச் செய்கிறவரோடு எனக்குத் தகராறு இல்லை. மூடிய அறைப் பேச்சைக் குறிக்குள் போட்டுவிட்டு, யார் சொல்லி எழுதினேன் என்று மூச்சு விடாதவர்தான் சிக்கல்.

18. உரைக்காரன்

பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலெக்சாண்டர் வாழ்க்கையைத் தொடங்கும்போதே, நான் எழுதுவது வரலாறு இல்லை, வாழ்க்கை. ஆயிரக்கணக்கானவர் மடிந்த போரைவிட ஒரு சின்னச் சொல்லோ வேடிக்கைப் பேச்சோ ஆளைக் கூடுதலாகக் காட்டும் என்ற பொருள்படச் சொல்கிறார். அவர் எந்தச் சின்னச் சொல்லைப் பொறுக்குகிறார் என்று பார்த்தால் குணம், ஒழுக்கம் என்பதிலேயே அவர் கண் இருப்பது தெரியும்.

19. வரிக்குதிரை

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாளாக வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.

மெய்ப்புத்தாள் சார் சொன்னபடி தாளை மூன்று பத்தியாகப் பிரித்தேன். மருத்துவர் பேசுவது 61 இடம். 'கூறினார்', 'எழுதினார்', 'நினைவுகூர்ந்தார்' என்று எல்லாம் வெறும் வெள்ளை வினைகள். மனைவி 9 இடம், அதில் ஐந்தில் 'குறைபட்டுக்கொண்டார்'. ஒரு நாள் அவர் சொன்னது, மாடிப் படியில் விளக்கு எரியவில்லை என்பதுதான், அதற்கும் 'குறைபட்டுக்கொண்டார்'! உதவியாளர் 14 இடம், முக்கால்வாசி 'உறுதிப்படுத்தினார்'. அதாவது அந்த மனிதர் நூலில் வருவதே மருத்துவர் சொன்னதற்குக் கையெழுத்துப் போடத்தான்.

உரைக்காரன் ஐயா சொன்ன ஐந்தாவது மதத்தையும் பார்த்தேன். கணவன் மனைவி மாறுபடும் அத்தியாயங்கள் நான்கு. நான்கும் மருத்துவரின் வாசகத்தில்தான் முடிகின்றன.

ஆனால் சந்தேகப் பிராணி சொன்ன பயம் எனக்கும் வந்தது. மனைவியின் கடிதங்கள் கிடைக்காமல் போயிருந்தால்? பின்குறிப்புகளை ஒன்றுவிடாமல் தேடினேன். 'மனைவியின் நாட்குறிப்புகள், மகளிடம்' என்று ஏழு இடத்தில் இருக்கிறது. ஏழும் தேதியைச் சரிபார்க்க மட்டும் பயன்பட்டிருக்கின்றன. எந்த நாள் பயணம் போனார்கள், எந்த நாள் திரும்பினார்கள், அவ்வளவே. ஒரு வாக்கியமும் நூலுக்குள் வரவில்லை.

கட்டுரையைத் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டேன். "ஆசிரியர் கருதுகிறார்" என்று இப்போது ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

20. அரைப்புள்ளி

நாட்குறிப்பைத் தேதிக்கு மட்டும் நம்பியிருக்கிறார்! வரிக்குதிரை, கட்டுரையை அங்கிருந்தே தொடங்குங்கள்.

21. சந்தேகப் பிராணி

தொடங்கட்டும். ஆனால் மகள் தேதிகளை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி தந்திருந்தால்?

22. வரிக்குதிரை

நன்றியுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன் தம்பி. 'எந்த நிபந்தனையும் இன்றி நாட்குறிப்புகளைத் தந்த மகளுக்கு' என்று இருக்கிறது.